தூங்கறவர்கிட்ட கால் அசையுதான்னு கேக்கறது எப்படி? எஸ்எஸ்இபியா, எம்இபியா, ஈஎம்ஜியா

ஆபரேஷன் டேபிள்ல குப்புறப் படுத்திருக்கறவர்கிட்ட போய் "கால் மரத்துப் போற மாதிரி இருக்கா"ன்னு கேக்க முடியாது. அவர் ஆழ்ந்த மயக்கத்துல இருக்கார், வாய்ல ட்யூப் இருக்கு, முதுகு திறந்து கிடக்கு. வளைஞ்ச முதுகை ராடு போட்டு நிமித்தறப்ப தண்டுவடம் இழுபட்டு அதுக்குப் போற ரத்தம் குறைஞ்சா அது அந்த நிமிஷம் யாருக்கும் தெரியாது, மயக்கம் தெளிஞ்சப்புறம் "காலை ஆட்டுங்க"ன்னு சொல்றப்பதான் தெரியும், அப்ப பல நேரம் லேட் ஆயிருக்கும். இந்த இடைவெளியை அடைக்கத்தான் ஆபரேஷன் நடக்கறப்பவே நரம்பு வேலை செய்யுதான்னு பாக்கற மானிட்டரிங் வந்துச்சு. தியேட்டர் மூலைல ஒரு ஸ்க்ரீன் முன்னாடி உக்காந்து கோடு கோடா ஓடறதை மணிக்கணக்கா வெறிச்சுப் பாக்கற ஆள் நான். டாக்டர்ல இருந்து நோயாளியோட சொந்தக்காரங்க வரைக்கும் என்கிட்ட கேக்கறது ஒரே கேள்விதான், இதுல எதைப் போடலாம், எது பெஸ்ட்.

எல்லாத்தையும் போட்டுடலாமேன்னுதான் முதல்ல தோணும். போடலாம். ஆனா ஒவ்வொண்ணும் மயக்க மருந்துக்கு ஒரு கண்டிஷன் போடும், ஊசிகள் கூடும், செட்டப் நேரம் கூடும், எல்லாத்துக்கும் மேல பொய் அலாரம் கூடும். நாலு தடவை புலி வருதுன்னு கத்தினா அஞ்சாவது தடவை சர்ஜன் தலையைக்கூட திருப்ப மாட்டார். அதனால எது பெஸ்ட்ங்கற கேள்வியை நான் எப்பவும் திருப்பிக் கேப்பேன், கத்தி எந்தப் பாதை பக்கத்துல போகுது? ஏன்னா இந்த முறைகள்ல எதுவுமே மொத்த நரம்பு மண்டலத்தையும் பாக்கறதில்ல. எஸ்எஸ்இபி கால்ல இருந்து மூளைக்குப் போற உணர்ச்சிப் பாதையைப் பாக்குது, எம்இபி மூளைல இருந்து தசைக்கு வர்ற கட்டளைப் பாதையைப் பாக்குது, ஈஎம்ஜி தண்டுவடத்தை விட்டு வெளிய வந்த ஒரு தனி நரம்பு வேரை மட்டும் தசையோட மின் துடிப்பு வழியா பாக்குது. நீங்க காவல் வெக்கற ரோடு ஒண்ணு, திருடன் வர்ற ரோடு வேற ஒண்ணா இருந்தா காவல்காரன் முழிச்சிருந்தும் பிரயோஜனம் இல்ல.

மெஷின்லாம் பழக்கத்துக்கு வர்றதுக்கு முன்னாடி இருந்த வழில இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா அது இன்னும் சாகல. 1973-ல பிரான்ஸ்ல வோசெலும் ஸ்டாக்னாராவும் அவங்க டீமும் எழுதின வேக்-அப் டெஸ்ட். ராடு போட்டு நிமித்தினதும் மயக்கத்தைக் குறைச்சு நோயாளியை அரைகுறையா முழிக்க வெச்சு, முதல்ல "கையை மூடுங்க"ன்னு சொல்லணும், அதைப் பண்ணினா நாம சொல்றது அவருக்குக் கேக்குதுன்னு அர்த்தம், அப்புறம் "காலை ஆட்டுங்க". கை மூடி கால் ஆடலைன்னா பிரச்சனை. கேக்க காட்டுத்தனமா இருக்கும், ஆனா இதைவிட நேரடியான பதில் வேற எதுவும் தராது, கால் ஆடுதுன்னா ஆடுது அவ்ளோதான். குறை என்னன்னா இது போட்டோ மாதிரி, அந்த ஒரு நொடியை மட்டும் காட்டும், அதுக்கப்புறம் பத்து நிமிஷம் கழிச்சு வர்ற பாதிப்பை காட்டாது. குப்புறப் படுத்தவர் திடீர்னு திமிறி ட்யூப் பிடுங்கிக்கலாம், போட்ட ஸ்க்ரூ அசையலாம், இழுத்து மூச்சு விடறப்ப திறந்த ரத்தக்குழாய்ல காத்து ஏறலாம். சின்னக் குழந்தை, காது கேக்காதவர், நம்ம பேச்சைப் புரிஞ்சுக்க முடியாதவர் இவங்களுக்கெல்லாம் முடியாது. இன்னிக்கு இது முதல் சாய்ஸ் இல்ல, ஆனா சிக்னல் போயிடுச்சு, திரும்பி வரல, என்ன பண்ணியும் காரணம் புரியலன்னா கடைசில எல்லாரும் இங்கதான் வந்து நிப்போம்.

அடுத்து எஸ்எஸ்இபி, எழுபதுகள்ல இருந்தே புழக்கத்துல இருக்கற பழைய குதிரை. கணுக்கால் உள்பக்கம் டிபியல் நரம்புக்கு, மணிக்கட்டுல மீடியன் நரம்புக்கு சின்னச் சின்ன ஷாக் குடுப்போம், அது தண்டுவடத்தோட பின்பக்கப் பாதை வழியா மேல ஏறி மூளையோட உணர்ச்சிப் பகுதிக்குப் போகும், உச்சந்தலைல குத்தின எலக்ட்ரோடுல பிடிப்போம். கைல குடுத்தது சுமார் 20 மில்லிசெகண்டுல மண்டைல தெரியும், கால்ல குடுத்தது சுமார் 37. தலைல கிடைக்கற சிக்னல் ஒரு மைக்ரோவோல்ட், ரெண்டு மைக்ரோவோல்ட்னு அவ்ளோ சின்னது, மூளையோட சாதாரண மின் இரைச்சல் அதைவிட பல மடங்கு பெருசு, அதனால நூத்துக்கணக்குல ஷாக் குடுத்து சராசரி எடுத்தாதான் கோடு வெளிய வரும். வினாடிக்கு நாலஞ்சுன்னு வெச்சா 300 தடவைக்கு ஒரு நிமிஷம் ஓடிடும், நடுவுல ரத்தத்தை நிறுத்த சூடு வெக்கற காட்டரி போட்டாங்கன்னா ஸ்க்ரீன் முழுக்க குப்பை, மறுபடி முதல்ல இருந்து. அலையோட உயரம் 50 சதவீதம் குறைஞ்சா, இல்ல வர்ற நேரம் 10 சதவீதம் தாமதமானா அலாரம், இதுதான் எல்லாரும் பிடிச்சுட்டு இருக்கற கோடு.

இதோட பெரிய நல்லது என்னன்னா நோயாளி அசையவே மாட்டார், சர்ஜன் வேலையை நிறுத்தவே வேணாம், ஆரம்பத்துல இருந்து முடியற வரை பின்னணில ஓடிட்டே இருக்கும். தசையைத் தளர்த்தற மருந்து குடுத்தாலும் பரவால்ல, சொல்லப்போனா தசை இரைச்சல் அடங்கி கோடு இன்னும் சுத்தமா வரும். ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகு பக்கவாட்டுல வளையற நோய், அதுக்கான சர்ஜரிகளை வெச்சு 1995-ல வந்த ஒரு பெரிய சர்வே, 51,000-க்கு மேல ஆபரேஷன் அதுல, எஸ்எஸ்இபில அனுபவம் உள்ள டீம்கள்ட்ட நரம்பு பாதிப்பு, அனுபவம் குறைஞ்ச டீம்களோட ஒப்பிட்டா பாதிக்கும் கம்மின்னு காட்டுச்சு. இதைப் படிச்சப்ப எனக்கு மெஷினைவிட "அனுபவம் உள்ள டீம்"ங்கற வார்த்தைதான் கண்ல பட்டுச்சு, அதைப் பத்தி பின்னாடி வரேன்.

ஓட்டை எங்க இருக்குன்னா, இது பாக்கறது தண்டுவடத்தோட பின்பக்கத்தை. காலை அசைக்கற கட்டளை வர்றது பக்கவாட்டுலயும் முன்பக்கத்துலயும், அதுக்கு ரத்தம் குடுக்கறது பெரும்பாலும் முன்னாடி ஓடற ஒரே ஒரு ரத்தக்குழாய். பின்பக்கத்துக்கு தனியா ரெண்டு குழாய். ஆக முன்பக்க ரத்தம் நின்னு தசைக் கட்டளைப் பாதை சாகறப்ப கூட எஸ்எஸ்இபி கோடு அழகா ஓடிட்டு இருக்கலாம். எஸ்எஸ்இபி மாறவே இல்ல ஆனா முழிச்சப்ப கால் வரலன்னு 1986-லயே கேஸ்கள் எழுதிட்டாங்க. அதுல இருந்துதான் கட்டளைப் பாதையை நேராப் பாக்கணும்ங்கற அவசரம் கூடுச்சு.

அதான் எம்இபி. மெர்ட்டனும் மார்ட்டனும் 1980-ல முழிச்சிருக்கற ஆளோட தலைக்கு மேல இருந்தே ஒரு மின் அதிர்வு குடுத்து கையை அசைய வெக்கலாம்னு காட்டினாங்க, ஆனா மயக்கத்துல அந்த ஒத்தை அதிர்வு தசை வரைக்கும் போய்ச் சேரல. தொண்ணூறுகள்ல நாலஞ்சு அதிர்வை ரெண்டு மூணு மில்லிசெகண்டு இடைவெளில சரம் மாதிரி தொடுத்துக் குடுத்தா போய்ச் சேரும்னு தெரிஞ்சது, அதுக்கப்புறம்தான் இது தியேட்டருக்குள்ள நிஜமா நுழைஞ்சது. நூத்துக்கணக்கான வோல்ட், ஆனா கண் சிமிட்டற நேரத்தைவிட குறைவு. கட்டைவிரல் தசை, முழங்காலுக்குக் கீழ முன்பக்கத் தசை, பாதத்துல பெருவிரல் தசைன்னு ஊசி குத்தி வெச்சிருப்போம், அங்க ஒரு துள்ளல் தெரியும். சராசரி எல்லாம் வேணாம், ஒரு தடவை அடிச்சா உடனே பதில், தண்டுவட சர்ஜரில அந்த ஒரு நிமிஷ வித்தியாசம் சாதாரண விஷயம் இல்ல. தண்டுவடத்தோட சாம்பல் பகுதிக்கு ரத்தம் குறைஞ்சா எஸ்எஸ்இபியைவிட இது பல நிமிஷம் முன்னாடியே சொல்லிடும்.

ஆனா எம்இபி ஒரு செல்லம் கொஞ்சற புள்ள. காத்துல போற மயக்க மருந்து கொஞ்சம் கூடினாலும் சுருண்டுடும், அதனால புரோப்போஃபால் கூட ஃபென்டனில் வகை மருந்து வெச்சு ஊசி வழியாவே மயக்கத்தை ஓட்டணும். ட்யூப் போடறதுக்குக் குடுத்த தசை தளர்த்தி மருந்து இறங்கினப்புறம் மறுபடி குடுக்கவே கூடாது. இதுல எனக்கு ஒரு பழைய எரிச்சல் உண்டு, ஒரு தடவை நிமித்தற நேரத்துல ரெண்டு கால்லயும் சிக்னல் சுத்தமா போயிடுச்சு, நான் கத்தறேன், சர்ஜன் கையை எடுத்துட்டார், ராடை தளர்த்தலாமான்னு யோசிக்கிறார், அப்பதான் கைலயும் சிக்னல் இல்லன்னு பாத்தேன், நோயாளி கொஞ்சம் அசைஞ்ச மாதிரி இருந்துச்சுன்னு யாரோ என்கிட்ட சொல்லாம அந்த தசை தளர்த்தி மருந்தை, ரிலாக்ஸன்ட்டை, குடுத்திருக்காங்க. மணிக்கட்டு நரம்புக்கு வரிசையா நாலு ஷாக் குடுத்து பாத்தா ஒரு துடிப்பு கூட இல்ல, விஷயம் வெளிச்சம். ஒரு ஃபோன் மெசேஜ் அளவு பேச்சு மிச்சம் பண்ணினதுக்கு அரை மணி நேரம் எல்லாரும் கையைக் கட்டிட்டு நின்னோம்.

இன்னொண்ணு, அடிக்கறப்ப உடம்பு துள்ளும். மைக்ரோஸ்கோப்ல தண்டுவடத்துக்குள்ள கத்தி வெச்சிருக்கறவர்கிட்ட சொல்லாம அடிச்சா அவ்ளோதான். தாடைத் தசையும் இறுகறதால நாக்கு கடிபடும், அதனால ரெண்டு பக்கமும் மெத்துன்னு துணி உருட்டி வாய்ல வெக்கணும், வெச்சும் எப்பவாவது நாக்குல காயம் வரத்தான் செய்யுது. வலிப்பு வர்றது ரொம்ப அபூர்வம். வலிப்பு நோய், காது கேக்க உள்ள வெச்ச காக்ளியர் இம்ப்ளான்ட், மண்டைக்குள்ள வெச்ச எலக்ட்ரோடு, மண்டை ஓட்டுல ஓட்டை, பேஸ்மேக்கர் இதெல்லாம் இருந்தா வேணவே வேணாம்னு இல்ல, உக்காந்து லாப நஷ்டம் பாத்து முடிவு பண்ணணும். சின்னக் குழந்தைங்ககிட்ட பாதை இன்னும் முழுசா முதிராததால அதிக வோல்ட் தேவைப்படும், சில நேரம் கிடைக்கவே கிடைக்காது. அலாரம் எப்ப அடிக்கணும்ங்கறதுலயும் எஸ்எஸ்இபி மாதிரி ஒத்துமை இல்ல, தசை சிக்னல் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் தானாவே ஏறி இறங்கும், பாதியா குறைஞ்சதுக்கெல்லாம் அலறினா வேலை நடக்காது, முழுசா போனாலா, 80 சதவீதம் குறைஞ்சாலா, இல்ல அதே பதிலை வாங்க 100 வோல்ட் கூடுதலா தேவைப்பட்டாலா, ஒவ்வொரு டீமும் ஒண்ணு வெச்சிருக்கு.

அப்ப ரெண்டுல எது? தண்டுவடத்துக்கே ஆபத்து இருக்கற ஆபரேஷன்ல, அதாவது ஸ்கோலியோசிஸ் நிமித்தறது, எலும்பை வெட்டி முதுகை திருத்தறது, கழுத்துல கடுமையா நசுங்கின தண்டுவடம், மார்புப் பகுதி டியூமர், இதுலெல்லாம் ரெண்டும் வேணும், இதுல நான் பேரம் பேச மாட்டேன். எஸ்எஸ்இபி விடாம ஓடிட்டு இருக்கும், எம்இபி முக்கியமான கட்டத்துல எல்லாம் தட்டிப் பாக்கும். ஒண்ணு தடுமாறினா இன்னொண்ணு சாட்சி சொல்லும். ஒண்ணுதான் கிடைக்கும்னு யாராவது கழுத்துல கத்தி வெச்சா, மயக்க மருந்து ஒத்துழைக்கற இடமா இருந்தா எம்இபின்னு சொல்வேன், ஏன்னா முழிச்சதும் நோயாளி கேக்கப் போறது "என் கால் அசையுமா"ன்னுதான். ஒத்துழைக்காத இடமா இருந்தா அரைகுறை எம்இபியைவிட நல்ல எஸ்எஸ்இபி மேல்.

அமெரிக்க நியூராலஜி அகாடமியும் கிளினிக்கல் நியூரோஃபிசியாலஜி சொசைட்டியும் 2012-ல நல்ல தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பாத்தாங்க. சிக்னல் மாறினவங்கள்ல 16-ல இருந்து 40 சதவீதம் பேருக்கு புதுசா கால் கை பலவீனம் வந்திருந்தது, சிக்னல் மாறாதவங்கள்ல ஒருத்தருக்குக் கூட வரல. இந்த ரெண்டாவது பாதிதான் நான் ராத்திரி தூங்கறதுக்குக் காரணம். முதல் பாதியைப் பாத்து "அப்ப பாதிக்கு மேல பொய் அலாரமா"ன்னு கேப்பாங்க, அப்படியும் சொல்லலாம், ஆனா அதுல எத்தனை பேருக்கு அலாரம் அடிச்சதும் சர்ஜன் கையை எடுத்ததாலயே பாதிப்பு வராம போச்சுங்கறதைப் பிரிக்க முடியாது. பிரிக்கணும்னா அலாரம் அடிச்சும் ஒண்ணும் பண்ணாம சும்மா இருக்கற ஒரு குரூப் வேணும், அதுக்கு யார் சம்மதிப்பா.

டி வேவ்னு ஒண்ணு இருக்கு, இது பத்தி வெளிய யாரும் அதிகம் பேசறதில்ல, ஆனா தண்டுவடத்துக்கு உள்ளயே வளர்ற டியூமர்னா என் ஓட்டு இதுக்குத்தான். தலைல ஒத்தை அதிர்வு குடுத்து, அது கட்டளைப் பாதைல இறங்கி வர்றதை தசை வரைக்கும் போக விடாம தண்டுவடத்து மேலயே வெச்ச எலக்ட்ரோடுல பிடிக்கறது. அந்த எலக்ட்ரோடை சர்ஜன்தான் டியூமருக்குக் கீழ வெச்சுத் தரணும். தசையே இதுல வராததால ரிலாக்ஸன்ட் குடுத்தாலும் கவலை இல்ல, நோயாளியும் துள்ள மாட்டார். இதோட நிஜமான மதிப்பு எம்இபியோட சேத்துப் பாக்கறப்பதான் தெரியும். டியூமரை எடுத்துட்டு இருக்கறப்ப தசை எம்இபி போயிடுச்சு, ஆனா டி வேவ் பாதிக்கு மேல நிக்குதுன்னா, முழிக்கறப்ப கால் பலவீனமா இருக்கும், ஆனா பெரும்பாலும் நாள் வாரக் கணக்குல திரும்பிடும். டி வேவும் பாதிக்குக் கீழ போனா அந்த பலவீனம் தங்கிடற வாய்ப்பு அதிகம். அதாவது எம்இபி மட்டும் இருந்தா அது போனதும் ஆபரேஷனை நிறுத்திடணும், டியூமர் மிச்சம் இருக்கும். டி வேவும் இருந்தா "கொஞ்சம் நிறுத்தி, வெதுவெதுப்பான சலைன் ஊத்தி, பொறுத்து, மெதுவா மேல போலாம்"னு சொல்ல ஒரு ஆதாரம் கிடைக்குது.

ஏன் எல்லாருக்கும் போடறதில்ல? முதுகுத்தண்டோட மார்புப் பகுதி முடியற இடத்துக்குக் கீழ கட்டளைப் பாதையோட நார்கள் ரொம்ப கம்மி, அங்க எதுவும் கிடைக்காது. இடது வலது பிரிச்சுச் சொல்லாது. ஸ்கோலியோசிஸ்ல நிமித்தறப்ப தண்டுவடமே எலக்ட்ரோடை விட்டு நகர்றதால ஒண்ணும் ஆகாமலே அலை மாறும், அங்க இதை நம்பவே கூடாது. எடுத்தவுடனே "டி வேவ் இருக்கா"ன்னு ஸ்கோலியோசிஸ் நோயாளியோட வீட்ல இருந்து ஒருத்தர் கேட்டார், எங்கயோ படிச்சிருப்பார் போல, நல்ல கேள்விதான், தப்பான ஆபரேஷனுக்கு.

இடுப்புப் பகுதிக்கு வந்தா கதையே மாறுது. முதல் ரெண்டாவது இடுப்பு எலும்பு கிட்டயே தண்டுவடம் முடிஞ்சிடும், அதுக்குக் கீழ வெறும் நரம்பு வேர்கள்தான் குதிரை வால் மாதிரி தொங்குது. எஸ்எஸ்இபி பல வேர்கள் வழியா ஒண்ணா ஏறுது, அதுல ஒரு வேர் அடிபட்டா மத்ததெல்லாம் சுமந்துட்டுப் போயிடும், கோட்டுல ஒண்ணும் தெரியாது. இங்க வேலை செய்யறது ஈஎம்ஜி. ஒவ்வொரு வேருக்கும் சொந்தமான தசைல ஊசி வெச்சு சும்மா கேட்டுட்டே இருக்கறது, வேரை இழுத்தா, உரசினா, சூடு பட்டா ஸ்பீக்கர்ல பட்டாசு மாதிரி பொரியும். சர்ஜனுக்குப் பிடிக்கும், ஏன்னா அவரே காதால கேக்கறார், நான் மொழிபெயர்க்க வேணாம். அப்புறம் ஸ்க்ரூ டெஸ்ட், எலும்புக்குள்ள போட்ட ஸ்க்ரூ தலைல கரன்ட் குடுத்துப் பாக்கறது. ஸ்க்ரூ சுத்தி முழுசா எலும்பு இருந்தா கரன்ட் வெளிய கசியாது, தசை துடிக்க 8, 10 மில்லி ஆம்ப்புக்கு மேல தேவைப்படும். அஞ்சு ஆறுலயே துடிச்சா எலும்புச் சுவர் உடைஞ்சு நரம்பு பக்கத்துல ஸ்க்ரூ இருக்கலாம், எடுத்துப் பாருங்கன்னு சொல்வோம்.

ஈஎம்ஜி பத்தி ஒரு விஷயம் மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, அமைதியா இருந்தா நல்லதுன்னு அர்த்தம் இல்ல. கூர்மையான கத்தி ஒரு நரம்பை சட்டுனு அறுத்தா சத்தமே வராம போகலாம். ரத்தம் மெல்ல மெல்லக் குறைஞ்சு சாகற நரம்பும் பொரியாது. பல வருஷமா நசுங்கியே கிடந்த வேர் தூண்ட அதிக கரன்ட் கேக்கும், அதனால தப்பா போன ஸ்க்ரூ கூட நல்ல நம்பர் காட்டி ஏமாத்தும். ஸ்க்ரூவை சுத்தி ரத்தம் தேங்கி நின்னா கரன்ட் அது வழியா ஓடிடும், அதுவும் நல்ல நம்பர்தான் காட்டும். மார்புப் பகுதி ஸ்க்ரூவுக்கு இந்த நம்பரை நான் அவ்வளவா நம்பறதில்ல. ஒரே ஒரு டிஸ்க் எடுக்கற எளிய ஆபரேஷனுக்கு மானிட்டரிங் கட்டாயமான்னு கேட்டா, என் பொழப்பே இதுதான்னாலும் இல்லைன்னுதான் சொல்வேன், அதுல லாபம் தெளிவா நிரூபணம் ஆகல. மூத்திரம், மலம் கட்டுப்படுத்தற நரம்புகளுக்குப் பக்கத்துல வேலைன்னா, ஒட்டிக்கிட்டு இருக்கற தண்டுவடத்தை விடுவிக்கற மாதிரி ஆபரேஷன்னா, அது வேற, அங்க ஆசனவாய்த் தசைல ஊசி வெச்சு அந்தத் தசை தானா சுருங்கற ரிஃப்ளெக்ஸையும் பாக்கணும், கூச்சப்பட்டு விட்டுடற விஷயம் இல்ல.

தலைக்குள்ள போனா கேள்வி இன்னும் குறுகும், எந்த நரம்புன்னே பேர் சொல்லலாம். காது நரம்புல வளர்ற கட்டிக்கு முகத்து நரம்புதான் பயம், அது கட்டி மேல நூலா விரிஞ்சு ஒட்டி இருக்கும், கண்ணுக்கு சவ்வு மாதிரிதான் தெரியும். கண், வாய் சுத்தி இருக்கற தசைல ஊசி வெச்சு, கைல பிடிக்கற ஒரு சின்ன குச்சியால தட்டித் தட்டிப் பாத்து "இது நரம்பு, இது கட்டி"ன்னு பிரிக்கறது, கடைசில மூளைத்தண்டு கிட்ட 0.05 மில்லி ஆம்ப்லயே முகம் துடிச்சா அந்த முகம் பெரும்பாலும் நல்லா இருக்கும். இங்க ஈஎம்ஜியோட போட்டிக்கு வர்ற எதுவும் இல்ல. கேக்கற சக்தி மிச்சம் இருந்தாதான் பிஏஇபி, அதாவது காதுல க்ளிக் சத்தம் குடுத்து மூளைத்தண்டுல வர்ற அஞ்சு அலைகளைப் பாக்கறது, அஞ்சாவது அலை 1 மில்லிசெகண்டு தள்ளிப் போனாலோ பாதியா குறைஞ்சாலோ சிறுமூளையை இழுத்துப் பிடிச்சிருக்கறதை தளர்த்தணும். மயக்க மருந்து இதை பெருசா அசைக்காது, அந்த வகைல தங்கமான சிக்னல், ஆனா ஆயிரக்கணக்கான க்ளிக் வேணும், மெதுவா வரும். ஏற்கனவே கேக்காத காதுக்கு இதை மாட்டறது வீண். முகம் ஒரு பக்கம் இழுத்துட்டே இருக்கற நோய்க்கு ரத்தக்குழாயை நரம்புல இருந்து விலக்கறாங்களே, அதுல பிஏஇபி காதைக் காக்க, இன்னொரு சிக்னல் வேலை முடிஞ்சுதான்னு சொல்ல: முகத்து நரம்போட ஒரு கிளையைத் தூண்டினா சம்பந்தமே இல்லாத கிளையோட தசையும் துடிக்கும், சரியான குழாயை விலக்கின அந்த வினாடி அது பல நேரம் பட்டுனு நின்னுடும், பாக்கவே அழகா இருக்கும்.

மூளைக்குள்ள இருக்கற கட்டிக்கு பெரிய முடிவு வேற, தூங்க வெச்சா, முழிக்க வெச்சா? கட்டி கை கால் அசைக்கற பகுதிக்குப் பக்கத்துலன்னா தூங்க வெச்சே முடிக்கலாம். மூளை மேல நேராவே எலக்ட்ரோடு பட்டை வெச்சு எம்இபி, உள்ள கட்டியை உறிஞ்சற குச்சி முனைலயே தூண்டுதல் குடுத்து கட்டளைப் பாதை எவ்ளோ தூரத்துல இருக்குன்னு அளக்கறது, 1 மில்லி ஆம்ப்புக்கு சுமார் 1 மில்லிமீட்டர்னு ஒரு கைக்கணக்கு இருக்கு, துல்லியம்னு சத்தியம் பண்ண முடியாது, ஆனா 2, 3 மில்லி ஆம்ப்லயே கை துடிக்க ஆரம்பிச்சா எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்குவோம். ஆனா பேச்சுன்னு வந்துட்டா, தூங்கறவர்கிட்ட பேச்சு இருக்கான்னு நம்பி சொல்ற மாதிரி எந்தக் கோடும் இன்னும் இல்ல. மூளை சர்ஜன் பென்ஃபீல்டு 1930-கள்லயே முழிச்சிருக்கறவங்களோட மூளையைத் தொட்டுத் தொட்டு வரைபடம் போட்டார், இன்னிக்கும் அடிப்படை அதேதான். படத்தைக் காட்டி "இது என்ன"ன்னு கேட்டுட்டே இருக்கறப்ப ஒரு இடத்துல மூளையைத் தூண்டினா வாய் நின்னுடும், அந்த இடத்தை விட்டுடணும். மூளைக்கு வலி தெரியாது, தோலையும் எலும்பு மேல இருக்கறதையும் மரத்துப் போக வெச்சா போதும். தூண்டறப்ப வலிப்பு வரலாம், அதுக்கு ஐஸ் மாதிரி குளிர்ந்த சலைன் கைல தயாரா இருக்கும், மூளை மேல ஊத்தினா பெரும்பாலும் அடங்கிடும். பழைய 50, 60 ஹெர்ட்ஸ் முறைல வலிப்பு அதிகம், சரமா குடுக்கற முறைல கம்மி, ஆனா பேச்சைத் தேட பழைய முறைதான் இன்னும் கைகொடுக்குது. ரொம்ப பதட்டப்படறவர், குழந்தை, ஏற்கனவே பேச்சு பாதி போனவர், மூச்சுப்பாதை சிக்கல் இருக்கறவர் இவங்களை முழிக்க வெக்கறது பெரும்பாலும் சரிப்படாது.

இப்ப அந்த "அனுபவம் உள்ள டீம்" விஷயத்துக்கு வரேன், எந்த முறைங்கறதைவிட இது பெருசு. சிக்னல் குறையறப்ப எங்க குறையுதுங்கறதுல பாதி விடை இருக்கு. மார்புப் பகுதில ஆபரேஷன், நாலு கை கால்லயும் குறைஞ்சா சர்ஜன் மேல பழி போடாதீங்க, மயக்க மருந்து, ரத்த அழுத்தம், உடம்புச் சூடு இதைப் பாருங்க. கால் ரெண்டும் மட்டும்னா ஆபரேஷன் நடக்கற இடம். ஒரே ஒரு கைனா கை வெச்சிருக்கற விதம்: நாலஞ்சு மணி நேரம் கையைத் தூக்கி வெச்சுப் படுத்திருந்தா தோள் பட்டை நரம்புக் கொத்து இழுபடும், ஒரு தடவை இடது கை சிக்னல் மெல்ல கரைஞ்சுட்டே போச்சு, துணிக்குள்ள கையை விட்டு தோளைக் கொஞ்சம் இறக்கினோம், கால் மணி நேரத்துல திரும்பி வந்துச்சு, முதுகுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நிஜ அலாரம்னா வரிசை ஏறக்குறைய இதுதான்: கை எடு, ரத்த அழுத்தத்தை ஏத்து, சராசரி 85-க்கு மேல கொண்டு போ, ரத்த அளவு, சூடு சரியா பாரு, கடைசியா பண்ணினதைத் திருப்பு, ராடை தளர்த்து, ஸ்க்ரூவைப் பாரு. இதை சுவத்துல எழுதி ஒட்டி வெச்சிருக்கற தியேட்டர்ல எஸ்எஸ்இபி மட்டும் இருந்தாலும் நான் நிம்மதியா படுப்பேன், எல்லா மெஷினும் இருந்து அலாரம் அடிச்சா "எலக்ட்ரோடு லூஸா இருக்கும் பாரு"ன்னே முதல் பதில் வர்ற இடத்துல படுக்க மாட்டேன்.

ஆள் இல்லாம தானாவே ஓடற சின்ன மெஷின் வேணுமா, பக்கத்துல ஆள் வேணுமாங்கறதுக்கும் இதே அளவுகோல்தான். முகத்து நரம்புக்கு சர்ஜனே கேட்டு சர்ஜனே முடிவெடுக்கற பொட்டி போதும். தண்டுவடத்துக்குப் போதாது, ஏன்னா அங்க கோட்டைப் படிக்கறதோட ரத்த அழுத்தத்தையும் மருந்தையும் கை கிடக்கற விதத்தையும் ஒரே பார்வைல சேத்துப் பாக்கற ஒருத்தர் வேணும். நெட் வழியா தூரத்துல இருந்து ஒரு நிபுணர் பாக்கறது தப்பில்ல, ஆனா துணிக்குள்ள கை விட்டுப் பாக்க தியேட்டர்ல ஒரு தேர்ந்த டெக்னீஷியன் இருக்கணும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நான் வந்து கேக்கறப்ப மறைக்காம சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கு, வலிப்பு வந்திருக்கா, தலைல காதுல நெஞ்சுல ஏதாவது கருவி வெச்சிருக்கா, ஆடற பல் இருக்கா, சர்க்கரையால பாதம் மரத்திருக்கா. கடைசிக் கேள்விக்கு நிறைய பேர் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல"ன்னுடுவாங்க, மறுநாள் காலைல பேஸ்லைன், அதாவது ஒப்பிட்டுப் பாக்கற ஆரம்ப சிக்னல், எடுக்கறப்ப கால்ல இருந்து ஒண்ணுமே வராது, கத்தி படறதுக்கு முன்னாடியே. அப்ப நான் மெஷினை சந்தேகப்பட்டு இருபது நிமிஷம் ஒயரை எல்லாம் கழட்டி மாட்டிட்டு இருப்பேன்.